முப்பத்தாறு கண்ணாடித் துண்டுகள்

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் கலாராணிக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது. கீழ் டிவிசன் மாரியாயி, தன் மகன் ரஜீவுக்காகப் போன வாரம் பெண் பார்க்க வந்தாள். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "தங்கமான பொண்ணு. நிறந்தான் ஒரு மாத்துக் கம்மி. ஞாயித்துக்கெழம பதில் சொல்றோம்" என்று எழுந்து போனாள். தங்கமாம், மாத்துக் கம்மியாம்! பசறை பஸ்ஸில் இரண்டு தடவை பேசியதிலேயே ரஜீவைக் கலாராணிக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஒரே கூட்டம். பதுளையிலிருந்து ஜெனீரா மிஸ் வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். மேசையில் ஒரு பெட்டி, அதற்குள் முப்பத்தாறு கண்ணாடித் துண்டுகள். ஒன்றாம் நம்பர் பால் வெள்ளை, முப்பத்தாறு தார்க் கறுப்பு.

"நூறு வருசத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒருத்தர் செஞ்ச பெட்டி மாதிரி இது" என்றார் ஜெனீரா. "ஊர் ஊராப் போய் ஆளுங்க கையில வச்சுப் பாத்து நம்பர் எழுதினாங்க. மனுசர மேல கீழன்னு பிரிக்கத்தான். ஒரே கைக்கு ரெண்டு பேர் ரெண்டு நம்பர் சொன்னாங்க, கடைசியில விட்டுட்டாங்க. அந்த வித்தியாசத்தத்தான் நான் பாக்குறேன்."

பிற்காலத்து டாக்டர்கள் தோலை வகை பிரிக்கும் முறை என்று ஒரு கேள்வியும் கேட்டார். வெயிலில் நின்றால் தோல் சிவக்குமா, கறுக்குமா?

"நெழல்ல நின்னு யாரு மிஸ் கொழுந்து பறிச்சா?" என்றாள் கலாராணி. "வெயில் படாத தோலு எப்படி இருக்கும்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சட்டைக் கையை மேலே ஏற்றி, வெயில் படாத இடத்தில் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். உதவிக்கு வந்த ரிஸ்கா இருபத்தெட்டு என்றாள். ஜெனீரா இருபத்தைந்து என்றார். கலாராணிக்கு மனசு துள்ளியது. இருபத்தைந்து என்று ஒரு கடுதாசி, அடியில் ரப்பர் முத்திரை! இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று காட்டவே முன்பு அரசாங்கத்தில் எத்தனை கடுதாசி கேட்டார்கள்? முத்திரை குத்தியதைக் காட்டினால் மாரியாயி என்ன, அவள் வம்சமே வாயை மூடும். கூட்டம் குறைந்ததும் கேட்டுவிடலாம் என்று கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

வரிசையில் கடைசி ஆள் மாரியாயி. கலாராணியை அவள் கவனிக்கவில்லை. ரிஸ்கா முப்பது என்றாள், ஜெனீரா இருபத்தெட்டு என்றார். மாரியாயி மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், இருபதுன்னு கொறச்சுப் போட்டு ஒரு கடுதாசி தாங்களேன்."

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்குக் காட்டத்தான். முப்பத்திரண்டு வருசமா கருவாச்சின்னுதான் கூப்பிடுறாரு. ஆளுங்க முன்னாடியும் அப்படித்தான். எம்பேரு அவருக்கு மறந்தே போச்சோ என்னமோ."

"பாத்ததத்தாம்மா எழுதலாம்" என்றார் ஜெனீரா. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

கலாராணிக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷிதானே தன்னை மாத்துக் கம்மி என்றாள்! நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் மாரியாயி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டதும் கோபம் தங்கவில்லை, பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த அப்பாவின் மகன்தானே ரஜீவ்?

திரும்பிய மாரியாயி அவளைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போனது. கலாராணி பக்கத்தில் போய், மாரியாயி ஏற்றி விட்டிருந்த சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டாள்.

"ஞாயித்துக்கெழம வாங்க அத்தை. ஒங்க மகனையும் கூட்டிட்டு வாங்க. கல்யாணத்துக்கப்புறம் என்னய என்னன்னு கூப்பிடுவாருன்னு அவரு வாயாலேயே சொல்லட்டும். அதக் கேட்டுட்டு நான் பதில் சொல்றேன்."