ரெட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்

ஞாயிற்றுக்கிழமை வியட்நாம்காரி லான் சாப்பிட வருகிறாள் என்றதும், இந்த ஃப்ரிட்ஜை எங்கே ஒளிப்பது என்ற கவலைதான் முத்துச்செல்விக்கு முதலில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறை வாடகை வீடு. அதில் ரெட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். கட்டிலை நகர்த்தினால்தான் கதவு முழுசாகத் திறக்கும். போர்வை போட்டு மூடினாலும் அது ஃப்ரிட்ஜாகத்தான் தெரியும்.

போன வருஷம் கம்பெனி அவளைப் பயிற்சிக்கு வியட்நாம் அனுப்பியது. சாப்பாட்டுக்குத் தினப்படி உண்டு. அதில் கை வைக்கக் கூடாது என்று விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். கொண்டுபோன அரிசியை ஹாஸ்டல் கெட்டிலில் வேகவைத்து, பருப்புப் பொடி போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். பஸ் ஏறாமல் நடந்தாள். சிக்கனம் ஒன்றும் வெட்கப்படும் விஷயம் இல்லை. அதோடு நின்றிருந்தால் சரி.

ஒரு சாயங்காலம் லான் அறைக்கு வந்தாள். அங்கே தொழிற்சாலை லைனில் முத்துச்செல்விக்கு வேலை பழக்கியவள். கெட்டிலையும் சோற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தி மொழி ஒருத்திக்குத் தெரியாது; ஃபோனில் பேசினால் அது மொழிபெயர்த்துச் சொல்லும். சாப்பிடப் பணம் இல்லையா என்று ஃபோன் கேட்டது. முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். மறுநாளிலிருந்து கிளம்பும் நாள் வரை, லானின் அம்மா சமைத்த சோறும் மீனும் டப்பாவில் வந்துகொண்டே இருந்தன.

இப்போது லானை ஒரகடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியுமா?

வந்தவள், அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் கருவாட்டை நீட்டினாள். "அந்தப் பெண் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அம்மா அடிக்கடி கேட்பார்" என்றது ஃபோன். முத்துச்செல்விக்கு உடம்பெல்லாம் கூசியது. வாங்கி, அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

கணவன் சக்திகுமாருக்கு டப்பா வந்த கதை தெரியும். கொடுத்தவள் இந்த லான்தான் என்று தெரியாது. அதை அவனிடம் சொல்லக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனோ விருந்தாளிக்கு ஜில்லென்று தண்ணீர் எடுக்கக் கட்டிலை நகர்த்தி, ஃப்ரிட்ஜைத் திறந்து, பெருமை தாங்காமல் ஃபோனிடம் பேச ஆரம்பித்தான்.

"இது வியட்நாம் காசுல வாங்குனதுல்லா. கம்பெனி குடுத்த சாப்பாட்டுக் காசுல ஒத்தப் பைசா தொடலியே இவ. எவளோ ஒரு ஏமாளிப் பிள்ள தெனமும் சோறு கொண்டாந்து குடுத்திருக்கா."

முத்துச்செல்வி ஃபோனைப் பிடுங்குவதற்குள் அது பேசத் தொடங்கிவிட்டது. வியட்நாம் மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. அன்றைக்கு எல்லா வார்த்தையும் புரிந்தது.

லான் முழுசாகக் கேட்டாள். ஃப்ரிட்ஜை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. "நல்லது. இனி அம்மா கவலைப்பட மாட்டார்" என்று ஃபோன் சொன்னது. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

கிளம்பும்போது முத்துச்செல்வி ராத்திரிக்கு ஆகட்டும் என்று கோழிக்குழம்பும் சோறும் போட்டு டப்பாவை நீட்டினாள். லான் அதை மெல்லத் தள்ளிவிட்டு ஃபோனில் பேசினாள்.

"நன்றி, வேண்டாம். சாப்பாட்டுக்குக் கம்பெனி எனக்குப் பணம் தருகிறது."

அன்றைக்கு வியட்நாமிலும் முத்துச்செல்வியின் கையில் இதே ஃபோன்தான் இருந்தது. இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.