துப்பாக்கிக்குக் கண்ணாடி

மேலகரம் ஆவுடைநாயகத்துக்குக் கண் மங்கிவிட்டது என்பது அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடி என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனுஷர் எழுந்து போய்விடுவார். போன வருஷச் சாரல் சமயத்தில் கிழங்குத் தோட்டத்துக்கு வந்த பன்றி என்று நினைத்து ஒரு கரும்பாறையை ரைபிளால் சுட்டார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர் மனைவி இராமலட்சுமியின் அண்ணன், சிவகிரி சிவசைலம். வேறு யார் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. சிவசைலம் அங்கேயே பந்தயம் கட்டினார்.

“மாப்ளே, அடுத்த சாரலுக்கும் வருவேன். தோப்புக் கடைசியில ஒரு தேங்காச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிடும். அதை அடிச்சா ரைபிள் உமக்கு, இல்லேன்னா எனக்கு. பாறையைச் சுடுதவருக்கு எதுக்குவே ரைபிள்?”

ரோஷத்தில் சரியென்று சொல்லிவிட்டார். அது அவருடைய அப்பா வைத்திருந்த ரைபிள். அதைச் சிவகிரிக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. அதற்காகக் கண்ணாடி போட்டுக்கொள்ள முடியுமா? கண்ணில் போடாவிட்டால் என்ன, துப்பாக்கியில் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை உதித்தது. தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது கதை.

தென்காசியில் துப்பாக்கி வேலை பார்க்கும் மசூது என்பவரிடம் இரண்டு ஸ்கோப் இருந்தன. ஒன்று உலக்கை மாதிரி நீளம். மற்றது சின்னது. ஆவுடைநாயகம் உலக்கையைத்தான் எடுத்தார். கூட வந்த இராமலட்சுமி கடை மாடியில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, எப்போதோ பிளந்து அப்படியே நிற்கும் கோயில் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த கிளியைப் பார்த்தாள்.

“பெருசுல கிளியோட வாலுதான் தெரியுது. அது நவுந்தா தேடிக்கிட்டுத்தான் கெடக்கணும். சின்னதுல கிளியும் தெரியுது, அது எங்கன பறக்குதுன்னும் தெரியுது. பன்னி என்ன, ஒரே இடத்துல நின்னுக்கிட்டா இருக்கும்?”

“மதினி சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. பெருசுன்னா உசத்தி மாட்டணும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில படியாது” என்றார் மசூது.

இரண்டு பேரும் சேர்ந்துகொண்ட பிறகு சின்னதே முடிவாயிற்று.

மசூது ரைபிளின் மேல் துளை போட்டு, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் வைத்தார். தோட்டாவைத் தள்ளும் போல்ட்டைத் தூக்கினால் அதன் கைப்பிடி ஸ்கோப்பில் இடித்தது. அதைக் காய்ச்சி வளைத்துச் சரிசெய்துகொண்டு, ஒரு காலையில் வீட்டுக்கே வந்தார்.

“தோளில வச்சுப் பாருங்க அண்ணாச்சி. வட்டம் முழுசாத் தெரியணும், நடுவுல குறுக்குக்கோடு சுத்தமா இருக்கணும். நீங்க சொல்லுத எடத்துல வளையத்தை இறுக்கிருதேன்.”

ஆவுடைநாயகம் ரைபிளைத் தொடவில்லை. கோடு தெரியாவிட்டால் அதை எந்த வாயால் சொல்வது?

“எண்ணெய் தேய்ச்சாச்சுவே, ஐந்தருவிக்குக் கெளம்பிட்டேன். ஏட்டி, நீ பிடிச்சுக் குடு” என்று இராமலட்சுமியிடம் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டு நழுவிவிட்டார்.

அருவியில் ஆசைதீர நின்று குளிர்ந்துபோய்த் திரும்பினால், “சுட்டுப் பாத்துக் குறியும் சேத்தாச்சு அண்ணாச்சி” என்றார் மசூது. யார் சுட்டுக் குறி சேர்த்தது என்று அவர் கேட்கவில்லை.

சாரலோடு சிவசைலமும் வந்து சேர்ந்தார். தோப்புக் கடைசியில், மலைச்சரிவை ஒட்டிச் சிரட்டை தொங்கியது. மசூதும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஆவுடைநாயகம் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். காசளவு வெளிச்சம்தான் தெரிந்தது. கழுத்தை இன்னும் முன்னால் நீட்டினார். கோடு கலங்கி ஆடியது. அப்பனே என்று விசையை இழுத்தார்.

ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தில் நங்கென்று இடித்தது. குண்டு சரிவில் எங்கோ மண்ணைக் கிளப்பியது. சிரட்டை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சிவசைலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புருவத்து வலியால் அல்ல. அப்பாவின் ரைபிள் கையை விட்டுப் போகிறதே என்றுதான்.

“நீயும் வேணும்னா ஒண்ணு சுட்டுப் பாரு தாயி. நீ அடிச்சாலும் ரைபிள் இங்கனயே இருக்கட்டும்” என்று தங்கையைக் கேலி செய்தார் சிவசைலம்.

இராமலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரைபிளை வாங்கினாள். கன்னம் கட்டையில் அழகாய்ப் படிந்தது. ஒரு வெடிச் சத்தம். சிரட்டை சில்லுச்சில்லாய்ப் போயிற்று.

சிவசைலத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆவுடைநாயகம் சந்தோஷத்தில் மைத்துனரையே கட்டிப்பிடித்துவிட்டார்.

“அவங்க கண்ணுக்கு வச்சு இறுக்குனது, குறி சேக்கச் சுட்டதும் அவங்கதான்” என்றார் மசூது தயங்கித் தயங்கி. “வளையத்தைத் தளத்தி உங்க கண்ணுக்கு மாத்திரட்டுமா அண்ணாச்சி?”

ஆவுடைநாயகம் மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் ரைபிளைக் கீழே வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளை இப்படி ஒரு பெருமையோடு அவர் பார்த்ததில்லை.

“வேண்டாம். அது இருக்க எடத்துலயே இருக்கட்டும்” என்றார் புருவத்தைத் தடவிக்கொண்டு. “தென்காசியில மூக்குக்கண்ணாடிக் கடை எங்கனவே இருக்கு?”

“மசூது கடைக்கு எதுத்தாப்புல” என்றாள் இராமலட்சுமி. “ஸ்கோப் பாக்கப் போன அன்னைக்கே உங்களுக்கு ஒரு கண்ணாடி வேணும்னு அங்க சொல்லி வச்சிட்டுத்தான் வந்தேன்.”