டிரிக்கி அக்காவும் நாற்பத்து மூன்று கவிதைகளும்

மூன்று மாதமாக அந்த நினைவுக்கல் என் பட்டறையில் கிடந்து உயிரை வாங்கியது. "ஹெஸ்டர் லாடகன், கவிஞர். நாற்பத்து மூன்று கவிதைகளில் அவர் கொண்டாடிய காதலர்" என்று செதுக்கியாகிவிட்டது. அதன் கீழே பெயர் இல்லை. அந்தக் காதலர் யார் என்று தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரின் நினைவில்லக் குழுவுக்கே தெரியவில்லை. அது ஆளே இல்லை, மழையின் உருவகம் என்று கேப்டவுன் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். கவிதையில் வரும் காதலரின் சட்டையில் டீசல் மணக்கிறது; மழை எங்கேயாவது டீசல் வாசனை அடிக்குமா?

ஒரு நாள் டிரிக்கி அக்கா பட்டறைக்கு வந்தார். ஹெஸ்டர் போன வருடம் சாகும்வரை நாற்பது வருடம் அதே வீட்டில் கூட இருந்தவர். ஊரார் வாயில் அவர் "தோழி". கல்லின் காலி இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல என் பேரளவுக்கு ஒரு பேரு கொள்ளுமா?"

"தாராளமா கொள்ளும்."

"சும்மாதான் கேட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவர் சொல்லாததை நான் எப்படிப் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை ஹெஸ்டரின் சமையலறையிலேயே குழு கூடியது. டிரிக்கி அக்கா கிரீஸ் படிந்த வேலை உடுப்போடு எல்லாருக்கும் ரூயிபோஸ் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"காதலர் எங்க சித்தப்பாதான்," என்று ஆரம்பித்தார் தலைவி ஸ்வானபூல் அம்மாள். "'டீசல் மணக்கும் உன் சட்டை'ன்னு எழுதியிருக்கா. சித்தப்பா லாரி ஓட்டினவரு."

"லாரி ஓட்டினா போதுமா?" ஆட்டுப்பண்ணைக்காரர் லூப்சர் சீறினார். "'காற்றாலை உச்சியில் நின்று மேகத்தைத் திட்டுகிறாய்'னும் இருக்கே. எங்க பெரியப்பா காற்றாலைல ஏறினவரு."

"ஒரே ஒரு தடவை ஏறினாரு, விழுந்தாரு. அதுக்கு நாப்பத்து மூணு கவிதையா?"

"விழுந்தாலும் ஏறினாருல்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "லூப்சர் ஐயா, இன்னிக்குக் காலைல உங்க காற்றாலையைச் சரி பண்ணது யாரு?"

"டிரிக்கிதான். இந்த ஊர்ல அவளை விட்டா வேற யாரு ஏறுவா?" என்றவர், வாயிலிருந்த பலகாரத்தை மெல்வதை நிறுத்தினார்.

எல்லாக் கண்களும் கிரீஸ் கறையைப் பார்த்தன. டிரிக்கி அக்கா தன் பாட்டுக்குத் தேநீர் ஊற்றினார்.

"ஏண்டி, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார் ஸ்வானபூல் அம்மாள்.

"ஒரே வீடு, ஒரே கட்டில், நாப்பது வருஷம். இதுக்கு மேல எப்படிக்கா சொல்றது, தண்டோரா போட்டா?"

இனி பாதிரியாரைக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். லூப்சரோ மேசையைத் தட்டினார். "டிரிக்கியோட அம்மா எங்க வீட்டுப் பொண்ணு. அப்ப காதலர் எங்க குடும்பம்தான்."

"ஞானஸ்நானத்துக்கு இவளைத் தூக்கிட்டுப் போனது எங்கம்மா. எங்க குடும்பம்," என்றார் ஸ்வானபூல் அம்மாள்.

கால் மணி நேரம் இதே சண்டை. கடைசியில் ஸ்வானபூல் அம்மாள் ஹெஸ்டரின் கவிதைப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். "அப்ப இந்த முப்பத்தொண்ணாவது கவிதைல கூரையே ஆடுற மாதிரி ஒரு குறட்டை வருதே, அதுவும் உன்னோடதுதானா?"

"அது மட்டும் பச்சைப் பொய்," என்று சிரித்தார் டிரிக்கி அக்கா. "குறட்டை விட்டது அவ. பழியை எம்மேல போட்டு அச்சும் போட்டுட்டா." தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தார். "இப்ப வீட்ல சத்தமே இல்ல. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுக்கா."

லூப்சர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வானபூல் அம்மாள் நாற்காலியை இழுத்து டிரிக்கி அக்காவை ஒட்டிப் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? போய் அவ பேரைச் செதுக்குங்க."