துப்பட்டாவுக்கடியில் ஒரு பதில்

1

ஓர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கை. இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அச்சகத்திலிருந்து ராயப்பராஜ் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். பதினான்காம் பக்கம் வந்தால் ஓட்டிவிடலாம் என்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு வெற்றிக் கதை வர வேண்டும். முந்நூறு சொல், ஒரு படம், கீழே ஒரு கட்டம். நான் எழுதித் தருகிறேன் என்று, அங்கே வேலை பார்க்கும் என் தோழி அஃப்சானாவிடம் நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். முந்நூறு சொல்லில் அடங்காததுதான் இப்போது நீங்கள் படிக்கிற கதை.

அறக்கட்டளை, பள்ளி, ஆட்கள் எல்லாருக்கும் பெயர் மாற்றிவிட்டேன். அய்யலூரை மட்டும் மாற்ற முடியவில்லை. அந்த ஆட்டுச் சந்தை இல்லாமல் இந்தக் கதை நகராது.

2

முதல் தொடக்கம்: கல்வி என்னும் விளக்கை ஏற்றும் கரங்கள் (வேண்டாம். போன வருட அறிக்கையிலும் இதே விளக்குதான்.)

இரண்டாம் தொடக்கம்: திண்டுக்கல் சமவெளியின் வறண்ட மண்ணில் ஒரு (மண்ணை விடுங்கள். மண் என்ன செய்தது?)

மூன்றாவது, வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

பேகம்பூரில் கறிக்கடை வைத்திருக்கும் முகமது பாரூக் ஒன்பது வருடமாக ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார். அதற்கு ஒரே வேலை. அரசுப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல், பெற்றோரும் ஆசிரியரும் நிஜமாக உட்கார்ந்து பேசும்படி பார்த்துக்கொள்வது. அஃப்சானா அதன் களப்பணியாளர். இருபத்தாறு வயது. அவரை மாமு என்று கூப்பிடுவாள், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அய்யலூர்ப் பள்ளியில் கூட்டம் எப்போதும் வியாழக்கிழமை காலை. எட்டு வருடமாக அப்படித்தான். ஏன் வியாழன்? அன்றுதான் மாமுவின் வண்டி ஆடு வாங்க அய்யலூர் சந்தைக்குப் போகும், களப்பணியாளரும் அதிலேயே தொற்றிக்கொள்ளலாம். கூட்டத்துக்குப் பத்துப் பதினொரு பேருக்குமேல் வந்ததில்லை. எட்டு அறிக்கையிலும் ‘பெற்றோரிடையே ஆர்வமின்மை’ என்று அச்சாகியிருக்கிறது. ஆர்வமில்லாத அந்தப் பெற்றோரில் பாதிப்பேர் வியாழன் காலையில் சந்தையில் நின்று மாமுவுக்கே ஆடு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அஃப்சானா இதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று மாமு வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏம்மா, எட்டு வருசமா ஒருத்தருக்குமா இது தோணல?”

“உங்களுக்கும் தோணலயே மாமு.”

“நான் ஆட்டப் பாத்தேன். ஆள எங்க பாத்தேன்.”

(இதை அறிக்கையில் போடக் கூடாது என்று மாமு சொல்லியிருக்கிறார். கதையில் போடக் கூடாது என்று சொல்லவில்லை.)

3

ஒன்பதாம் வருடம் கூட்டம் சந்தைக்கே போனது. வியாபாரம் அடங்குகிற எட்டு மணிக்கு, வண்டியில் ஆடு ஏற்றும் மேட்டுக்குப் பக்கத்தில், தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியையும் வந்தார், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி. முதல் கூட்டத்துக்கே அறுபத்து மூன்று பேர்.

கழகத்துக்குத் தலைவியாக வந்தவர் சுந்தரம்மாள். ஆடு வளர்ப்பவர். மகள் கௌசல்யா அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார் கேட்டு மனு எழுதிக் களைத்துப்போய், சுந்தரம்மாள் தன் நான்கு ஆடுகளோடு ஊராட்சி அலுவலக வளாகத்தில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அங்கே குரோட்டன்ஸ் செடி தீர்ந்தது. நான்காம் நாள் மோட்டார் வந்தது.*

* வெற்றிக் கதை இதோடு முடிந்திருக்கலாம். முடித்திருந்தால் ராயப்பராஜ் இந்நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

ஜனவரிக் கூட்டத்தில் வருகை பற்றிப் பேச்சு வந்தது. போன வாரம் உங்கள் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போனது என்று அஃப்சானா கேட்டாள். அஞ்சு நாள், அஞ்சு நாள் என்று வரிசையாகச் சொன்னார்கள். தலைவியும் அஞ்சு என்றார். தலைமையாசிரியை தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார், பிறகு மூடிவிட்டார்.

தரகர் பாண்டியராஜ் சிரித்துவிட்டார். அவருடைய இரண்டு பையன்களும் அங்கேதான் படிக்கிறார்கள்.

“தங்கச்சி, சபையில கேட்டா எவன் உண்மையச் சொல்லுவான்? எம்மகன் மூணு நாளு கம்மாயில கெடந்தான். நானே அஞ்சுன்னுதான சொன்னேன். துண்டுக்குள்ள கேளு.”

ஆடு விலை அங்கே வாயால் பேசப்படுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கைகளைச் சேர்த்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்துத்தான் விலை சொல்வது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதற்கொரு சட்டமும் உண்டு.

“உள்ள பேசுனது துண்டோட போச்சு,” என்றார் பாண்டியராஜ். “வெளிய சொல்லிட்டா, அப்புறம் இந்தச் சந்தையில ஒனக்கு எவனும் வெரல் குடுக்க மாட்டான்.”

ஆண்களிடம் அவர் துண்டு போட்டார். பெண்களுக்கு அஃப்சானா தன் துப்பட்டாவை விரித்தாள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை நாள். இரண்டு, நான்கு, மூன்று என்று வந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தோட்ட வேலைக்குப் போகும் அங்காளம்மாள் ஒரு விரலை மட்டும் பிடித்துவிட்டு, “ஒன் கை என்ன தாயி இம்புட்டு மெத்துனு இருக்கு, பாத்திரம் வெளக்குறதில்லையா?” என்று கேட்டதில் சிரிப்பு இன்னும் கூடியது.

கடைசியில் சுந்தரம்மாள். அவர் கை உள்ளே வந்தது. ஒரு விரலையும் பிடிக்கவில்லை. அஃப்சானாவின் உள்ளங்கையில் சற்று நேரம் கிடந்தது. பிறகு போய்விட்டது.

அஃப்சானா நோட்டில் 5 என்று எழுதினாள்.

4

இந்த இடத்தில்தான் எனக்கு அஃப்சானாமீது சந்தேகம் வருகிறது. என் கதாபாத்திரம் ஏன் ஐந்து என்று எழுதினாள்? நேரிலேயே கேட்டேன். எதிரே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“பயம். வேற என்ன. தலைவியோட மகளே போகலன்னா கூட்டத்துல ஒருத்தரு மிச்சம் இருப்பாங்களா?”

கூட்டம் கலைந்ததும் ஆடு ஏற்றும் இடத்துக்கு அவள் சுந்தரம்மாளைத் தேடிப் போயிருக்கிறாள். சுந்தரம்மாள் முதலில் சொன்னது, “இதுவும் துண்டுக்குள்ளதான் தாயி.” அப்புறம்தான் மற்றது. கௌசல்யா டிசம்பரிலிருந்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போகிறாள். பள்ளியில் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

“நான் போகச் சொல்லல. அரையாண்டுல கணக்குல போயிருச்சு. பள்ளிக்கூடத்துக்கு நாலு மைலு நடக்கணும், காலையில பஸ் இல்ல. மில்லு பஸ்ஸு தெரு முக்குல வந்து ஆரன் அடிக்குது. ஏறிட்டா. நான் மோட்டாருக்குச் சண்ட போட்டேன், பஸ்ஸுக்குப் போடாம விட்டுட்டேன்.”

இப்போது பதினான்காம் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். அதில் ஒரே வரி: ‘இந்த ஆண்டு இடைநிற்றல்:’. அதற்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.

இந்த அறிக்கையை இணைத்துத்தான் காலை பஸ் கேட்டு மனு போகப்போகிறது. ‘இல்லை’ என்று அச்சிட்டால், எல்லாப் பிள்ளையும் வருகிறதே, பஸ் எதற்கு என்பார்கள். கௌசல்யா காகிதத்தில் படித்துக்கொண்டே இருப்பாள், அவளை யாரும் தேடி வரமாட்டார்கள். இந்த மாதத்துக்குள் வகுப்புக்கு வராவிட்டால் பொதுத்தேர்வும் கைவிட்டுப்போகும் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

‘ஒன்று’ என்று அச்சிட்டால்? பெயர் போடாவிட்டாலும் பயனில்லை. பத்தாம் வகுப்பில் பெண்களே ஒன்பது பேர்தான், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் தெரிந்துவிடும். பிள்ளை படிக்காத ஒருவர் கழகத்தில் தலைவியாக இருக்க முடியாது. பஸ் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவரோ அந்தத் தலைவிதான். அதோடு, அஃப்சானாவுக்கு அந்தச் சந்தையில் இனி யாரும் விரல் கொடுக்க மாட்டார்கள்.

5

முடிவு அ: அஃப்சானா உண்மையை எழுதுகிறாள். பஸ் வருகிறது. கௌசல்யா முதல் இருக்கையில் (யாரை ஏமாற்றுகிறேன்? மனு மேசைக்கு மேசை போய்ச்சேரவே ஆறு மாதம் ஆகும்.)

முடிவு ஆ: ‘இல்லை’ என்று எழுதுகிறாள். அறிக்கை வெளியீட்டு விழாவில் சுந்தரம்மாளுக்குப் பொன்னாடை. அவர் அதை வாங்கி மடித்து (இதற்குமேல் எழுத எனக்கே கூசுகிறது.)

முடிவு இ: மாமு முடிவெடுக்கிறார். இதை நிஜமாகவே முயன்றோம். கடையில் கூட்டமாக இருந்தது.

“சந்தையில நாப்பது வருசமா வெரல் பிடிக்கிறேன், ஒருதடவ வெளிய சொன்னதில்ல,” என்றார். “ஆனா, அது ஆட்டு வெல. இது பிள்ள. எனக்கு வெளங்கலம்மா. அந்தம்மாட்டயே கேளு.”

6

ஆக, சற்று முன்பு அஃப்சானா சுந்தரம்மாளுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். கட்டத்தைப் பற்றி முழுவதும் சொன்னாள். அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்தி ஓய்ந்தது.

“எங்கிட்டக் கேக்காத தாயி,” என்றார் சுந்தரம்மாள். “கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்.”

“கேக்காம எழுதிட்டா, அக்கா?”

“அதையும் எங்கிட்டக் கேக்குற பாரு.”

போன் கை மாறியது. கௌசல்யா. இன்று அவளுக்கு மாலை ஷிப்டாம்.

“அக்கா, புஸ்தகத்துல எங்கம்மா போட்டோ வருதாமே. என் பேரும் வருமா?”

“என்னன்னு போட?”

“படிக்கிறான்னு போடுங்க.”

“படிக்கிறியா நீ?”

“மில்லு பஸ்ல சீட்டு இருக்கு, பாட்டுப் போடுறாங்க. நீங்க ஒருநாளு பள்ளிக்கூடத்துக்கு எங்கூட நடந்து பாருங்க, அப்புறம் கேளுங்க.” குரல் இறங்கியது. “புஸ்தகம் எப்ப வரும்? பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான். ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்,” என்று வைத்துவிட்டாள்.

அஃப்சானா பரோட்டாவை மூடி வைத்துவிட்டாள். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “நீ எழுது,” என்றாள். நான் ‘இல்லை’, ‘ஒன்று’ என்று இரண்டு சொல்லையும் அடித்துப் பார்த்தேன், இரண்டையும் அழித்தேன். ராயப்பராஜ் நான்காவது தடவையாகக் கூப்பிடுகிறார். எனக்கு என்னமோ அந்தப் பெண் சும்மா கேட்ட மாதிரித் தெரியவில்லை, பரீட்சை எழுத அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. அம்மாவும் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ஆனால் இதெல்லாம் எனக்கு வேண்டியபடி நானே கேட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். நீங்களும் அவர்கள் பேசியதைக் கேட்டீர்கள்தானே, சொல்லுங்கள், கட்டத்தில் என்ன போடட்டும்?