யாரும் படிக்காத பக்கம்

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. நாக்கு குழறியது. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. நர்ஸம்மா பதினெட்டு வருஷமாக அந்த வார்டில் இருப்பவள். மளமளவென்று சலைன் ஏற்றி, அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணி வைத்து, ஃபேனைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

“வெயில்ல எங்க போனாங்க?”

“எங்கயும் போகல சிஸ்டர். வீட்டுக்குள்ளதான் விழுந்து கெடந்தாங்க. ரெண்டு ஃபேன் இருக்கு. போட விடமாட்டாங்க. கரண்டு பில்லப் பாத்த நாள்லேர்ந்து சுவிட்சுப் பக்கமே யாரையும் அண்ட விடறதில்ல.”

“பில்லுக்குப் பயந்து உயிர விடுவாங்களா யாராவது?” என்று நர்ஸம்மா அதட்டினாள்.

மகள் பையைத் துழாவி ஒரு காகிதத்தை நீட்டினாள். “நீங்களே பாருங்க. முன்னாடி நகராட்சியோட ஊர் மின்திட்டத்துல இருந்தோம். ஊருக்கே மொத்தமா கரண்டு வாங்கி, விலை கொறச்சுக் குடுத்தாங்க. ஒரு குறையும் இல்ல. கோட்டு போட்ட ஒருத்தன் வந்து, அதவிடக் கம்மியாத் தர்றோம்னான். எங்க மாடி டீச்சர் சொன்னாங்களேன்னு கையெழுத்துப் போட்டோம். மூணு மாசம் கொறஞ்சுது. நாலாவது மாசம் ரெண்டு மடங்கு. அந்த டீச்சருக்கு ஏதோ மிக்சி குடுத்தானாம்.”

பில்லின் மூலையில் மஞ்சள் மின்னல் படம்.

அதே மின்னல் போட்ட படிவத்தைத்தான் நர்ஸம்மா பத்து நாள் முன்னால் தன் குடியிருப்பில் பத்தொன்பது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். ஜுரம் என்றாலும் சர்க்கரை என்றாலும் அங்கே எல்லாரும் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். அது அங்கேயும் வந்த கோட்டுக்காரனுக்கும் தெரிந்திருந்தது. “நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா” என்றான். இருபது வீடு சேர்ந்தால் அவளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ். அவள் வீட்டையும் சேர்த்து இருபது ஆகிவிட்டது.

மிச்சமிருந்த ஒரு படிவம் அவள் கைப்பையில் கிடந்தது. முதல்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தாள். எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. மூன்று மாதத்துக்குப் பிறகு விலையை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம். விலக விரும்பினால், வீட்டில் இருப்பவர் கையெழுத்திட்ட கடிதத்தைச் சேர்ந்த பத்து நாளுக்குள் நகராட்சி மின்திட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்; தவறினால் ஒரு வருஷம் விலக முடியாது.

விரல் விட்டு எண்ணினாள். இன்றுதான் பத்தாவது நாள். அலுவலகம் ஐந்து மணிக்குச் சாத்திவிடும்.

தலைமை நர்ஸிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலிருந்தே கோட்டுக்காரனுக்கு போன் போட்டாள்.

“அக்கா, ஃப்ரிட்ஜ் நாளைக்கு வீட்டுக்கே வந்துடும்.”

“அனுப்பாதே. பின்பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு ஏன் சொல்லல?”

அவன் சிரித்தான். “அது யாரும் படிக்காத பக்கம்க்கா. நீங்களே படிக்கல இல்ல?”

அவள் போனை வைத்தாள்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தையல்கடை. கையெழுத்துப் போட மறுத்தவள் அந்தத் தையல்காரி ஒருத்திதான். ‘படிச்சுட்டுச் சொல்றேன்’ என்றதற்காக நர்ஸம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசிப் பத்து நாளாகிறது. இப்போது வேறு வழியில்லாமல் அவள் முன்னால் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்ட தையல்காரி குத்திக்காட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஒதுக்கிவிட்டு, “நான் கடிதம் எழுதறேன். எழுத எழுத நீ எடுத்துக்கிட்டு மாடி ஏறு” என்றாள்.

மணி மூன்று.

முதல் வீட்டில் நர்ஸம்மா உண்மையைச் சொல்லவில்லை. “பேப்பர்ல சின்னத் தப்பு நடந்துபோச்சு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்றாள். அந்த வீட்டம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்ன ஏது என்று பார்க்காமலே போட்டுக் கொடுத்தாள். “நீ சொன்னா சரிதாம்மா.”

இரண்டாவது வீட்டிலும் அதே கதை. படிக்கட்டில் ஏறும்போது நர்ஸம்மா பாதியில் நின்றாள். அன்றைக்கும் இப்படித்தானே போட்டார்கள்? ஒரு பொய்யைத் துடைக்க இன்னொரு பொய்யா?

திரும்பி இறங்கினாள். அந்த இரண்டு கதவையும் மறுபடி தட்டி, ஃப்ரிட்ஜ் ஆசையில் தான் செய்ததை ஒளிக்காமல் சொல்லி, கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

உண்மைக்கு நேரம் பிடித்தது. ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில், “இத்தன நாளா எங்களுக்கு மாத்திரை குடுத்ததும் கமிஷனுக்குத்தானா?” என்று கேட்டார்கள். ஒரு கதவு கையெழுத்துப் போட்ட கையோடு அவள் முகத்திலேயே சாத்தப்பட்டது. வாசல்வாசலாக நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

கடைசி மாடிக்கு வந்தபோது மணி நாலேகால். அங்கே ரிட்டயர்டு லாரி டிரைவர். தூங்கும்போது மூச்சு தடைபடுகிறவர். இரவெல்லாம் முகத்தில் மூச்சுக்கருவி மாட்டிக்கொள்ளாவிட்டால் விடிவது நிச்சயமில்லை. கேட்டு முடித்ததும் அவர் கண் சிவந்தது.

“நான் அந்த மெஷினை நிறுத்த முடியாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் அண்ணே.”

“தெரிஞ்சுமா கையெழுத்து வாங்கின?”

“பில்லு கொறையும்னு நானும் நம்பினேன் அண்ணே. ஆனா படிச்சுப் பாக்கல. படிச்சா ஃப்ரிட்ஜ் போயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு.”

டிரைவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை வீசினார். அவள் படியிறங்கத் திரும்பினாள்.

“நில்லு. பஸ்ஸுல போனா ஆறு மணிக்குத்தான் போய்ச் சேருவ. கோவத்த அப்புறமா வச்சுக்கறேன், வண்டியில ஏறு.”

அவருடைய ஓட்டை ஸ்கூட்டர் சந்து சந்தாகப் புகுந்து ஓடியது. அலுவலகத்தில் குமாஸ்தா பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மணி ஐந்துக்கு நாலு நிமிஷம். முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

“உங்க குடியிருப்புல மாறினது இருபது வீடுன்னு லிஸ்ட்ல இருக்கு. கடிதம் பத்தொம்பதுதான். இருபதாவது?”

“வாட்ச்மேன் வீடு. மகள் பிரசவத்துக்குக் குடும்பத்தோட வெளியூர் போயிட்டாங்க. போன்ல சொல்லச் சொல்லட்டுமா சார்?”

“கையெழுத்து இல்லாம செல்லாதும்மா. ஒரு வருஷம் அவங்க அங்கதான் இருந்தாகணும்.”

இருப்பதிலேயே ஏழைக் குடும்பம் அதுதான். நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் குடியிருப்பு முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். ஊர் மின்திட்டத்திலேயே வயசானவர்களுக்கும் வீட்டில் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் தள்ளுபடி உண்டு என்று தையல்காரி விசாரித்து வந்திருந்தாள். பழைய குண்டு பல்பை மாற்றுவது, ஆள் இல்லாத அறையில் ஃபேனை நிறுத்துவது என்று பில்லைக் குறைக்கும் வழிகளையும் சொன்னாள். ஆனால் ஆள் இருக்கும் அறையில் ஃபேனை நிறுத்தி யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நர்ஸம்மா குறுக்கிட்டுச் சொன்னாள். பிறகு எழுந்து நின்றாள்.

“வாட்ச்மேன் வீட்டுல ஏறுற பில்லு ஒரு வருஷத்துக்கு என் பொறுப்பு. அதச் சொல்லிட்டா என் தப்பு தீந்துடாது. யாரு பேப்பர நீட்டினாலும், அது நானாவே இருந்தாலும், ரெண்டு பக்கமும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. என்னை மாதிரி சொந்தமா நெனச்சு நீங்க உள்ள விடுறவங்க பேச்சுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கரண்டு விலை ஏறினா ஒரு வருஷத்துல எறக்கிக்கலாம். ஒருத்தர் மேல ஒருத்தர் வச்ச நம்பிக்கைய ஒரு பரிசுக்கு வித்துட்டா, அத எந்த விலை குடுத்தும் திரும்ப வாங்க முடியாது.”

யாரும் கை தட்டவில்லை. டிரைவர் மட்டும் நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டார்.