பேரத்துக்கென்று ஒதுக்கி வைத்தது

அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதுதான் என் பிழைப்பு. பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண், கட்டுரை, சாதனை எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்வேன். சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே இஸ்திரி போடும் ஆவி மேலே வரும். கொஞ்சம் ஏற்றிச் சொல்லுங்கள் என்று கெஞ்ச வரும் பெற்றோர் வியர்த்து வழிவார்கள். நான் மசியமாட்டேன். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கர்வம் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது, பழைய கார் வியாபாரி ஒருவர் மனைவியோடும் மகளோடும் படியேறி வரும்வரை.

மகளை வீட்டில் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. "அப்பா, இதுதான் படி!" என்று அவள் தெருவில் சொன்னது எனக்கு மாடியில் கேட்டது. இயந்திரப் பொறியியலுக்குப் பேர்போன ஒரு பல்கலைக்கழகத்தைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவோ ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பாவது இருந்தால் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டு கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதிக் கொண்டுவந்திருந்த விண்ணப்பத்தைப் படித்தேன். மதிப்பெண் பிரமாதம். கட்டுரை சுமார். சாதனை என்ற இடத்தில் 'அப்பாவின் கடையில் உதவி' என்பதோடு சரி.

"பன்னெண்டு," என்றேன்.

மற்ற பெற்றோர் இந்த இடத்தில் கண்ணைக் கசக்குவார்கள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"சரி மேடம். இப்ப முடிவா ஒரு நம்பர் சொல்லுங்க."

"முடிவே அதுதாங்க."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"சார், இது என்ன கத்திரிக்கா வியாபாரமா?"

"கத்திரிக்கான்னா நான் வாயே தொறக்க மாட்டேனே! கேட்டதக் குடுத்துட்டு வந்துடுவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தேன். மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். வாசலை நோக்கி நடந்தார்கள். அப்படியொரு மெதுவான நடையை நான் பார்த்ததில்லை. கதவருகே போய், மாட்டியிருந்த காலண்டரை மூன்று பேரும் அக்கறையாகப் படித்தார்கள். நான் கூப்பிடுவேன் என்று காத்திருக்கிறார்கள் என்பது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிட்டுத் தொலைத்தேன்.

"ஏத்தறதுன்னா எதையாவது காட்டணும்ல? வெறுங்கையோட எப்படி ஏத்தச் சொல்றீங்க?"

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். "வண்டி வரும்போதே எஞ்சின் சத்தத்த வச்சு என்ன கோளாறுன்னு சொல்ற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ணி வச்சிருக்கா. அதக் கேக்காம நாங்க ஒரு வண்டியும் எடுக்கறதில்ல."

"இத ஏம்மா எழுதல?" என்று மகளைக் கேட்டேன்.

"அது ஸ்டெப்னி டயர் மாதிரி மேடம்," என்றாள் ஹாரன், தொழில் தெரியாதவளுக்கு விளக்குகிற பொறுமையோடு. "மொதல்லயே காட்டிட்டா, அவங்க பேரம் பேசும்போது சேத்துக் குடுக்க நம்மகிட்ட என்ன இருக்கும்?"

பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ பேரம் பேச வருவார்கள் என்று நம்பி, இந்தக் குடும்பம் நல்ல சரக்கையெல்லாம் உள்ளே பூட்டிவைத்திருந்தது.

"வேற என்ன வச்சிருக்கே? எல்லாத்தையும் எடு!" நான் ஏறக்குறையக் கத்தினேன்.

கடைக்கு எதிரே இருக்கும் தையல்காரருக்கு இரண்டு காலும் வராதாம். ஒரு பழைய காரில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்கும்படி இவள் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். வரைபடம் முதல் கடைசி ஆணிவரை இவள் வேலை. வாகனச் சோதனையிலும் தேறிவிட்டது. இப்போது அவர்தான் தன் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்.

"பதினெட்டு!" என்று எழுந்தேவிட்டேன்.

"முப்பது," என்றார் அம்மா.

"இருபது!"

"இருபத்தெட்டு. படத்தையெல்லாம் சேத்து வச்சுக் குடுத்துடறோம்."

ஹாரன் கைகொட்டிச் சிரித்தாள். சலவைக் கடைக்காரர் கீழேயிருந்து கூரையைக் கம்பால் தட்டினார். இத்தனை வருடத் தொழிலில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"இருபத்திரண்டு," என்றேன் கடைசியில், மூச்சு வாங்க. "இதுக்கு மேல சொன்னா பொய். ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோங்க. அங்க பேரம் பேச யாரும் வர மாட்டாங்க. எழுதினதப் படிப்பாங்க, வேணும்பாங்க, இல்லேன்னா வேணாம்பாங்க. எல்லாத்தையும் இப்பவே எழுதியாகணும்."

"பேரமே இல்லாத வியாபாரமா?" அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "இருபத்தஞ்சு வரலல்ல? வாம்மா, போகலாம்."

இந்தமுறை விறுவிறுவென்று நடந்தார். காலண்டர் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மா என் பக்கம் குனிந்தார். "விக்க மனசில்லாத வண்டிக்கு இவரு இப்படித்தான் மேடம். யாராலயும் குடுக்க முடியாத வெலையாப் பாத்துச் சொல்லுவாரு."

இன்னும் மூன்றுதானே, சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஹாரன் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். முதல்முறையாக அவள் குரலை நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது.

"அப்பா, இருபத்திரண்டுக்கே முடிச்சுக்கலாம்பா."

கையை நீட்டினாள். அவர்கள் தொழிலில் கை கொடுத்துவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய அந்தக் கையை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார். விடுவதற்குத்தான் மனம் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அவர் பேசுமுன்பே பின்னால் ஹாரன் போட்ட கூச்சலில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் குதித்த குதியில் கம்பு மறுபடி கூரையைத் தட்டியது.

"எடுத்துக்கிட்டாங்க மேடம்," என்றார். அடுத்ததைச் சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

"ஒரு வார்த்த பேரம் பேசலியே மேடம். கொறச்சுச் சொல்லிட்டோமோ?"