மார்லா கொன்ற பெண்

எழுத்தாளர் மார்லா பெக்ஸ்டன் வீட்டுக்கு வருகிறார் என்று எஜமானி ஹாலிதா லாத்தா சொன்னதுமே வேலைக்காரி குமுதினிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லாத்தாவுக்கோ தலைகால் புரியவில்லை. துபாயில், தேராவில் மசாலா வியாபாரம் செய்யும் கணவரோடு பேசுவதைவிட அமெரிக்க நாவல்களோடுதான் அவர் அதிகம் பேசுவார். விமான நிலையக் கடைகளிலெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் மார்லாவின் நாவல்களில் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை. புத்தகக் கண்காட்சிக்கு வந்த எழுத்தாளரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சாயாவுக்குச் சம்மதிக்க வைத்திருந்தார்.

குமுதினிக்கு மார்லாவை முன்பே தெரியும். மஸ்கட்டில், ரூவியில், பூட்டி வைத்துச் சூடு போட்ட வீட்டிலிருந்து அவள் ஓடிய அன்று தன் காரில் ஏற்றிப் போய் ஒளித்து வைத்தது அந்த மனுஷிதான். அப்போது அவர் வெறும் பக்கத்து வீட்டு எஞ்சினியரின் மனைவி. குமுதினி அழுது அழுது சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். ஊருக்குப் போய் நாவலாக்கினார். ஒரே புத்தகத்தில் உலகப் புகழ்!

அந்த நாவலில் ஓடிப்போன வேலைக்காரப் பெண் கடைசியில் கடலில் மூழ்கிச் சாவாள். அதைப் படித்து லாத்தா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். அழுது முடித்த கையோடு, "இருந்தாலும் ஓடி வந்தவள எவ வீட்டுல வச்சுக்குவா, சொல்லு புள்ள?" என்றும் கேட்டார்.

அன்றிலிருந்து குமுதினிக்கு நிம்மதி போயிற்று. வளைகுடாவில் இதுதான் முதல் வேலை என்று புளுகித்தான் இந்த வீட்டில் சேர்ந்திருந்தாள். குட்டு உடைந்தால் வேலை போகும், விசா போகும். யாழ்ப்பாணத்தில் மகளின் கம்பஸ் படிப்பு அந்தரத்தில் தொங்கும்.

மார்லா வந்து சோபாவில் உட்கார்ந்தார். குமுதினி குனிந்த தலை நிமிராமல் தட்டை வைத்தாள். வைத்த பிறகுதான் தன் கை செய்த காரியம் தெரிந்தது. லாத்தாவுக்குப் பால் சாயா. விருந்தாளிக்குச் சீனி போடாத வெறும் தேத்தண்ணி, பக்கத்தில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி! ஒளிந்திருந்த நாட்களில் மார்லாவுக்கு அவள் பழக்கிவிட்ட யாழ்ப்பாணத்து முறை. பாழாய்ப்போன கை!

"இது உங்க நாவல்ல வருமே!" லாத்தா ஆங்கிலத்தில் சொன்னார். பார்வை பனங்கட்டியிலிருந்து குமுதினிக்கு ஏறியது. "இவளை உங்களுக்குத் தெரியுமா?"

மார்லா நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"தெரியாது," என்றார் மார்லா. "இலங்கையில் நிறையப் பேர் இப்படிக் குடிப்பார்கள். அந்தப் பெண் முழுக்க முழுக்க என் கற்பனை."

தப்பித்தாள். காலில் விழுந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று புத்திக்கு விளங்கவும் செய்தது. ஆனால் கற்பனையாமே! தோளில் சூட்டுத் தழும்பைச் சுமப்பவள் இங்கே நிற்கிறாள், கற்பனையாம்! குமுதினிக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"பொய் லாத்தா. அது நான்தான். ரூவியிலயிருந்து ஓடினது நான். பயத்தில உங்களிட்ட மறைச்சுப்போட்டன்."

லாத்தா திகைத்தார். "அவ... மவுத்தாப் போய்ட்டாளே?"

"சாகேல்லை. அது மட்டும்தான் இவ கட்டின கதை."

லாத்தா எழுந்தார். போனை எடுக்கப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று குமுதினி கண்ணை மூடிக்கொண்டாள். லாத்தாவோ மார்லாவிடம் திரும்பினார்.

"உயிரோட இருக்கிறவளை எதுக்குச் சாகடிச்சீங்க?"

"பிழைத்துவிட்டால் யாரும் அழமாட்டார்கள் என்று பதிப்பாளர் சொன்னார்," என்றார் மார்லா.

லாத்தாவின் முகம் சிவந்தது. பக்கத்து நாற்காலியைச் சர்ரென்று இழுத்து மார்லாவுக்கு எதிரே போட்டார்.

"உக்காரு புள்ள. நீ சொல்லு. இவங்க எழுதிக்கட்டும்."